சேற்றில் மாட்டிய வண்டி

இந்தக் காலத்துச் சனங்களுக்கு ஒரு பாட்டை முழுதாகக் கேட்கப் பொறுமை கிடையாது. பாதியிலேயே போனை விரலால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் தீபாவளிக்குத் தீபாவளி அதே பழைய படத்தை வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்றே முத்துவீரன் நினைத்தார்.

இரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில், சனங்கள் கூடிப் படம் பார்க்கும் கிளப்பின் சாவி அவரிடம்தான் இருந்தது. தீபாவளியன்று மத்தியானம் அவர் கதவைத் திறக்கப் போனபோது, படியில் கிருஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. கையில் அந்தப் பழைய படத்தின் சீடி, இரண்டு துண்டாக.

"கதிரையில வச்சிருந்தேன் தாத்தா. மறந்துபோய் அதுமேலேயே உக்காந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. இந்த வருசமாவது நிம்மதியா இருப்போம்."

"ஐயோ, யோகு அழுவான் தாத்தா! இந்த வருசம் அவன்தான் தட்டணும்."

அதுவும் ஒரு கூத்துதான். படத்தின் நடுவே ஒரு பாட்டு. மழையில் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் எல்லாரும் பாடிக்கொண்டே தள்ளுவார்கள். சீடியில் சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல். வண்டி ஏறப்போகும், பின்னால் விழும். மறுபடி ஏறப்போகும், மறுபடி விழும். கிளப்பில் இருக்கிறவர்கள் கையை நீட்டி, "தள்ளு! தள்ளு!" என்று கத்துவார்கள். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து போய், சீடி போடும் டெக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டும். படம் நகரும், வண்டி ஏறிவிடும். கைதட்டலில் கூரைத் தகரம் அதிரும்.

வருசத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் அந்த வேலை. இந்த முறை புஷ்பவதியின் மகன் யோகேந்திரன். ஐந்து வயது. ஒரு மாதமாக வீட்டில் பானை, பெட்டி, அப்பாவின் முதுகு என்று எல்லாவற்றையும் தட்டிப் பழகியிருந்தான்.

"பஸார்ல நுஸ்ரா இருக்கால்ல, என்கூடப் படிக்கிறவ? அவங்க அண்ணன், அந்த நானாகிட்ட எல்லாப் படமும் இருக்கு" என்று எழுந்தாள் கிருஷாந்தினி.

"பண்டிகை நாள்ல பஸ் எங்க இருக்கு?"

"ஒண்ணு இருக்கு தாத்தா." அவள் ஓடியே போய்விட்டாள்.

பொழுது சாய்கிற நேரம் ஒரு பென் டிரைவோடு வந்து சேர்ந்தாள். டெக்கில் செருகினாள். படம் ஓடியது. பளிச்சென்று, கண்ணாடி மாதிரி.

முத்துவீரன் கதவோரம் வெளியே பார்த்தபடி நின்றார்.

பாட்டு வந்தது. மழை வந்தது. வண்டி மாட்டிக்கொண்டது. எல்லாரும் கையை நீட்டினார்கள். யோகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, டெக்கை நோக்கி நடந்தான்.

வண்டி ஒரே தள்ளில் ஏறிவிட்டது.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

"என்ன இது, இவ்வளவு லேசா ஏறிருச்சு?" என்றாள் புஷ்பவதி. "இது நம்ம படம் இல்ல!"

"கீறல் இல்லாத படம்க்கா" என்றார் ஒருவர்.

"எனக்குக் கீறல் உள்ளதுதான் வேணும்!"

யோகு ஓங்கிய கையோடு நின்றான். உதடு பிதுங்கியது. அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கிருஷாந்தினி சட்டென்று எழுந்தாள். "டேய் யோகு, அழாத! டெக்குக்கு என்னமோ ஆயிருச்சு. கொஞ்சம் பின்னாடி போட்டுப் பாக்கிறேன்."

பாட்டு முதலிலிருந்து வந்தது. வண்டி மாட்டிக்கொண்டது. ஏறப்போனது. பின்னால் விழுந்தது! மறுபடி ஏறப்போனது, மறுபடி விழுந்தது!

"தள்ளு! தள்ளு!" கிளப்பே கத்தியது.

சத்தம் கேட்டுத் திரும்பிய முத்துவீரனுக்குக் கதவோரத்திலிருந்து கிருஷாந்தினியின் முதுகுப்பக்கம் தெரிந்தது. பாவாடை மடிப்புக்குள் ரிமோட். வண்டி ஏறப்போகும் ஒவ்வொரு முறையும் அவள் பெருவிரல் அசைந்தது.

யோகு மூச்சை இழுத்துப் பிடித்து டெக்கின் தலையில் ஓங்கித் தட்டினான். பெருவிரல் நின்றது. வண்டி ஏறியது.

தகரம் அதிர்ந்தது. யோகுவை யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

படம் முடிந்து சனங்கள் கலைந்தபோது முத்துவீரன் அவளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, ரிமோட்ட நான் பாத்தேன்."

"யோகுகிட்ட சொல்லிராதீங்க தாத்தா."

"அவன் சின்னப் பய. இத்தனை பெரியவங்களையும் ஏமாத்திட்டியே?"

கிருஷாந்தினி சிரித்தாள். "ஏமாத்தலையே. புஷ்பவதி அத்தைதான் டீவிப் பெட்டிமேல இருந்த ரிமோட்ட எடுத்து என் கையில திணிச்சாங்க. பக்கத்துல இருந்த மாமா மறைச்சுக்கிட்டாரு."

முத்துவீரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ தெரிஞ்சேதான் கத்துனாங்களா?"

"ஆமா. யோகுவத் தவிர எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருசம் நீங்களும் உள்ள வந்து தள்ளுங்க தாத்தா."

"எனக்கு வேற வேலையில்ல பாரு!"

அவர் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தார்.

"எப்படியும் ஏறப்போற வண்டி" என்று அவர் தனக்குள் முணுமுணுப்பது தேயிலைப் பக்கமிருந்து கேட்டது. "அதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"