'ங்க' போடாத சண்டை

காலையில் காபி இறங்கியதும் அந்தத் தெருவில் திட்டு ஆரம்பித்துவிடும். தோலுக்கடியில் கூர்மி வைத்துக்கொண்ட நோயாளிகள் வீடு அப்படித்தான். எதிர்வீட்டில் தட்டு பறந்தது. மாடிவீட்டு மருமகள் தொண்டை கிழியக் கத்தினாள். துளசிமணியும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணவன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, உங்களுக்கு மூளையே இல்லீங்களா? எருமைமாடுங்க நீங்க!"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எருமைக்கும் 'ங்க' போடறவ இந்தக் கோயமுத்தூர்லயே நீ ஒருத்திதான் புள்ள."

உடம்பின் பதற்றச் சுரப்பைக் காட்டும் அவர் மணிக்கட்டு அளவி ஏறாமல் சிவப்பிலேயே கிடந்தது. சிரித்த சிரிப்பிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது.

"இன்னைக்கும் ரத்தந்தான்."

அவர் குடலைப் புண்ணாக்கியது வெளிக்கிருமி அல்ல, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே. மனிதன் பதறினால் சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒரு நீரைச் சுரக்கும். காவல் அணுவின் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டால் அணு அடங்கிவிடும். முன்பு அதையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். முகம் உப்பியது, எலும்பு உளுத்தது. தோலுக்கடியில் அரிசியளவு கூர்மி வந்தபின் மாத்திரை ஒழிந்தது. குடலில் இருக்கும் ஏற்பிகளை அது கூராக்கும், உடம்பின் சொந்தச் சுரப்பே போதும். ஆனால் சுரக்க வேண்டுமே! அதற்குத்தான் இந்தத் திட்டு. சென்னியப்பனோ வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருகிற ஆள்.

"நாளைக்குள்ள அளவி ஏறலைன்னா பெருங்குடலை எடுத்துடணும்மா" என்று நேற்றே டாக்டரம்மா சொல்லிவிட்டாள். "நீங்க திட்டறது அவருக்குத் தாலாட்டா இருக்கு. நெசமாவே சுடணும்."

"கூலிக்குத் திட்டற ஆளை மறுபடி கூப்பிடட்டுங்களா?" என்று இப்போது கணவனிடம் கேட்டாள் துளசிமணி.

"போன தடவை வந்தவன் பாவம், தொண்டை கட்டிப்போச்சு. மோர் குடுத்துத்தான அனுப்புனேன்" என்று சொல்லும்போதே மீண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

துளசிமணி அந்த வளைந்த முதுகைப் பார்த்தாள். சுவரில் மாமியார் படம். நாக்கில் எட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது ஒன்று இருந்தது. அவள் நினைத்து வைத்ததல்ல, மாமியாரின் எழவு வீட்டில் யாரோ சொந்தக்காரர் முணுமுணுத்தது. அவர் காதில் விழாமல் அவள்தான் காத்துவந்தாள்.

"உன்ற அம்மா உசுரு போறப்ப நீ எங்கடா இருந்தே? கக்கூசுலதான? கடைசி வாய்த் தண்ணி ஊத்தக்கூட வராத நீயெல்லாம் ஒரு மகனா?"

சென்னியப்பன் நிமிர்ந்தார். கண் சுவரிலிருந்த அம்மாவின் படத்துக்குப் போனது. அளவி மஞ்சளாகி, மெல்லப் பச்சைக்கு ஏறி நின்றது.

மத்தியானம் வரை அவர் கழிவறைப் பக்கம் போகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க... நான் வேணும்னு..."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். அளவி எறங்கிரும்."

அவள் சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தாள். கரண்டியை எடுத்தாள். பழக்கத்தில் நுனிநாக்குவரை வந்த 'ங்க'வை மென்று விழுங்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து 'புள்ள' என்றே கூப்பிட்டவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"போதுமுங்க."

அளவி பச்சையிலேயே நின்றது.