கொடிப் பெட்டிக்குப் பின்னால்

ப்ரூயிட் வீட்டில் பாத்திரம் வைத்தால் சத்தம் வரக்கூடாது. சமையல் மேடையில் மடித்த துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும்; எதையும் அதன்மேல்தான் வைக்க வேண்டும். பதினான்கு வருடச் சட்டம் அது. அன்று காலை ஷாண்டெல்லின் கை தவறியது. இரும்பு வாணலி துண்டைத் தாண்டி மேடையில் மோதியது... டங்!

கூடத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் கணவன் லாமார் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வாசலையே வெறித்தான். அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை அதற்குள் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்லப்பா... வாணலிதான்... நான்தான்..." தள்ளி நின்றே சொன்னாள். இந்த நேரத்தில் கிட்டே போகக்கூடாது என்பதை அவள் ஒருமுறை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

மாமியார் எர்னஸ்டீன் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "கையில எலும்பே இல்லையா உனக்கு? என் பிள்ளைய ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு எத்தனை வருஷமா கத்துறேன்! எதிர்வீட்டு மார்வினுக்கு அங்க பல்லெல்லாம் புதுசா கட்டி விட்டிருக்காங்க. அவன் சிரிச்சா தெருவுக்கே விளக்கு வேணாம். என் பிள்ளைக்கு மட்டும் என்ன குறைச்சல்? நீதானே போக வேணாம்னு தடுத்தவ!"

ஷாண்டெல் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தடுத்தது ஷாண்டெல் இல்லை. ஈராக்கில் நண்பன் எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்த லாமார், முகாமிலிருந்து ஓடி, நாற்பத்தொரு நாள் ஒரு பழைய காருக்குள் குடித்துக் கிடந்தான். ராணுவம் அவனுக்கு 'கௌரவக் குறைவான விடுவிப்பு' என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துத் துரத்தியது. இரண்டு முறை போருக்குப் போனவன் அந்த மூன்று சொல்லுக்குள் முடிந்துபோனான். அந்தச் சொற்களைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி அவனைத் திருப்பி அனுப்பியது. அம்மாவிடம் சொல்ல வெட்கம். "ஷாண்டெல்லுக்குப் பிடிக்கல" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

அவள் வாங்கிக்கொண்ட பழி இன்னொன்றும் இருந்தது. அதை நினைத்துத்தான் கை தவறியது.

அந்த விடுவிப்பை மாற்றக் கேட்டு ராணுவ மறுஆய்வு வாரியத்துக்குப் போட்ட மனுமேல் பத்து மணிக்கு விசாரணை, கணினித் திரை வழியாக. அப்படிக் கேட்பதற்கான பதினைந்து வருடக் கெடு முடிய மூன்றே வாரம். அந்த வாரியத்தில் இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. கிழவியிடம் 'வேலைக்கான நேர்காணல்' என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார்கள்.

திரையில் மூன்று அதிகாரிகள் தெரிந்தார்கள். நடுவில் இருந்த பெண்தான் கேட்டாள். லாமார் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். இராத்திரி வீட்டுக்குள் ரோந்து சுற்றுவதையும், சுதந்திர தினப் பட்டாசு வெடிக்கும் ஜூலை நாலாம் தேதி அவன் குளியல் தொட்டிக்குள் படுத்துக் கிடப்பதையும் ஷாண்டெல் சொன்னாள்.

"திருமதி ப்ரூயிட்... விடுவிப்பு நடவடிக்கைக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கு. முப்பது நாளுக்குள்ள பதில் எழுதியிருந்தா வக்கீல் கிடைச்சிருப்பார், டாக்டர் பார்த்திருப்பார். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. பதில் மட்டும் வரல. வாங்கினது நீங்களா? சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க, நினைவிருக்கட்டும்."

ஷாண்டெல் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவதாங்க," என்றான் லாமார் கசப்பாக. "வாங்கித் தொலைச்சிட்டா. அவளே ஒத்துக்கிட்டா."

ஒத்துக்கொண்டாள்தான். விடுவிப்புக் காகிதத்தோடு அன்று வந்த தபால் ரசீதின் நகலைப் பார்த்ததுமே அது மாமியாரின் கோணல் எழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூத்தவன் குவென்டின் போரில் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிழவிக்கு அப்போதுதான் மாரடைப்பு வந்திருந்தது. லாமாரோ குடித்துவிட்டுக் கதவுகளைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தான். 'உன் அம்மாதான்' என்று சொன்னால் அந்த வீட்டில் அன்றே ஒரு பிணம் விழும் என்று பயந்தாள். 'நான்தான்' என்றாள். பதினான்கு வருடமாக அவன் அவளோடு ஒரே கட்டிலில் படுத்ததில்லை.

இப்போது பொய் சொன்னால் வழக்கு கெட்டுப்போகும். உண்மையைச் சொன்னால்...

"நீங்களா, திருமதி ப்ரூயிட்?" என்று அதிகாரி மறுபடி கேட்டாள்.

"நான்... நான் வந்து..."

கதவு திறந்தது. எர்னஸ்டீன் நின்றாள். எவ்வளவு நேரமாக ஒட்டுக்கேட்டாளோ! கையில் கண்ணாடி போட்ட முக்கோணப் பெட்டி. குவென்டின் சவப்பெட்டியின்மேல் போர்த்திய கொடி அதற்குள் மடிந்திருந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. அந்தப் பதிவுத் தபாலைத் தேடி வீட்டையே புரட்டிய ஷாண்டெல்கூட அதைத் தொட்டதில்லை.

கிழவி பெட்டியைத் திருப்பினாள். பின்புறம் பசைநாடாவால் ஒட்டிய பழுப்பு உறை. பிரிக்கவே இல்லை.

"அவ இல்லம்மா. நான்தான் வாங்கினேன்," என்றாள் திரையைப் பார்த்து. "மூத்தவன் போனப்ப சீருடை போட்ட ரெண்டு பேர் இந்த வாசப்படி ஏறி வந்தாங்க. ஒரு வருஷத்துல ராணுவத் தபால்... இவனையும் திரும்பப் போருக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். ஒளிச்சு வச்சேன். அப்புறம் கூப்பிடவே இல்ல. காப்பாத்திட்டேன்னு... நான் காப்பாத்திட்டேன்னு நினைச்சேனே!"

லாமாரின் முஷ்டி இறுகுவதை ஷாண்டெல் பார்த்தாள். அம்மாவுக்கும் மகனுக்கும் குறுக்கே போய் நின்றாள்.

அவன் முஷ்டி மெல்லத் தளர்ந்தது. "நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"



ஏழு வாரம் கழித்து இன்னொரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய எர்னஸ்டீன், சமையலறைக்கு ஓடோடி வந்தாள்.

"இந்தா... நான் பிரிக்கல. நீயே பிரி. எனக்குக் கை ஓடல."

மூவரும் உறையைச் சுற்றி நின்றார்கள். ஷாண்டெல் கத்தியால் கிழித்து லாமாரிடம் நீட்டினாள்.

"கௌரவமான விடுவிப்பு," என்று படித்தான். மறுபடி படித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

ஷாண்டெல் அழவில்லை.

"உனக்குக் காகிதம் வந்திருச்சு, லாமார். இந்த வீட்டுல பதினாலு வருஷம் நான் கெட்டவளா இருந்தேன். எனக்கு யாரு காகிதம் அனுப்புவா?"

அவன் தலை நிமிரவில்லை. கிழவிதான் இரண்டு கைகளாலும் ஷாண்டெல்லின் முகத்தைப் பிடித்தாள்.

"காகிதம் எதுக்குடி! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, மார்வின் முன்னாடி, அந்த ஊர் வாயெல்லாம் முன்னாடி, நானே எழுந்து நின்னு சொல்லுறேன். என் பிள்ளைய கெடுத்தவ நான்... காப்பாத்தினவ இவதான்னு சொல்லுறேன்... போதுமா, மகளே?"

"போதாது..." என்றாள் ஷாண்டெல். சொல்லிவிட்டு, அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, பதினான்கு வருடத்தில் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

சத்தத்துக்கு லாமாரின் உடம்பு ஒருமுறை துள்ளியது. ஆனால் சுவரோரம் போகவில்லை. எழுந்து அவளிடம் வந்தான்.