மாற்றுத் தாள்

வாசல் பதிவேட்டின்படி உள்ளே போனவர்கள்: ரூபாய் நோட்டு அச்சடிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவன், அவன் மனைவி, அவன் அக்கா. மூன்று பேர். காவலாளி மேசைமேல் நான்கு அட்டைகளை வைத்தான். நான்காவதில் எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.

"இது யாருக்கு?" என்றாள் மனைவி.

"யாராவது கெட்டுப்போனா மாத்துறதுக்கு." அவன் சிரிக்கவில்லை.

ஊழியர்களின் குடும்பத்தை வருஷத்துக்கு ஒருநாள் உள்ளே விடுவார்கள். அவள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நாலு மணிக்குப் பால் கொடுக்க வேண்டும். மார்பு இப்போதே கனத்தது.

மையும் சூடேறிய எண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடையில், ஒரு கதவு பூட்டப்பட்ட பிறகே அடுத்த கதவு திறக்கும் இரும்பு நடையைக் கடந்து, அவர்கள் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, இயந்திரம் துப்பிய ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரே முகம் முப்பத்திரண்டு முறை அவளைப் பார்த்தது. மூலையில், கெட்ட தாள்களை அரைக்கும் தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"வாயை மூடிக்கிட்டு வாடி, ஈ புகுந்துடப் போகுது," என்றாள் நாத்தனார்.

அடுக்கின் விளிம்பிலிருந்து ஒரு தாள் சரிந்தது. அவள் யோசிக்காமல் கைநீட்டிப் பிடித்துவிட்டாள். ஈர மை கட்டைவிரலில் ஒட்டியது. தாளில் ஒரு முகத்துக்குக் கண் இல்லை.

இயந்திரம் நின்றது.

"தொட்டுட்டியா?" என்றான் கணவன்.

"விழப் போச்சுங்க, அதான்..."

"விழுந்தா விழட்டும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

தாளில் சிவப்புப் பேனாவால் குறுக்குக்கோடு போட்டுத் தொட்டிக்குள் எறிந்தான். அலமாரியிலிருந்து நட்சத்திரம் போட்ட வேறொரு தாளை எடுத்து அதே இடத்தில் செருகினான். எண்ணினான். "கணக்கு சரி." அதன்பிறகு அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

விரலைத் தேய்த்தாள். போகவில்லை. நோட்டில் இருப்பதுபோன்ற மெல்லிய பச்சைக் கோடுகள் மணிக்கட்டுவரை ஏறியிருந்தன. மார்பின் கனம் இறங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தாள். வற்றியிருந்தது.

திரும்பும்போது அவள்தான் கடைசி. முன்னால் கணவன். நாத்தனார். இருவருக்கும் நடுவில் ஒரு முதுகு. அதே நீல உடை. அதே கொண்டை. கழுத்தில் நட்சத்திர அட்டை.

"கையை நீட்டுங்க," என்றான் காவலாளி.

ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் சுத்தம்.

அவளும் நீட்டினாள். காவலாளி சிவப்புப் பேனாவை எடுத்து அவள் உள்ளங்கையில் குறுக்குக்கோடு போட்டான்.

"மூணு பேர் வந்தாங்க. மூணு பேர் போறாங்க."

"என்னங்க! நான் இங்க இருக்கேன்! அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

நாத்தனார் நடுவில் இருந்தவளின் தோளைத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்டிராத கனிவான குரல். "சீக்கிரம் வாம்மா. புள்ள பாலுக்கு அழும்."

பின்னால், அரைக்கும் தொட்டி ஓடத் தொடங்கியது.

நடுவில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இவள் முகம். உடையின் மார்பில் பால் கசிந்து ஈரம்.

காவலாளியும் வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.