குட்டைக்கால் நாற்காலிக்கு வந்த கடிதம்

“சார்! வெளியே வாங்க!”

நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன் தலையை மட்டும் நீட்டினான். மழையில் நனைந்த முடி... மரத்தூள் ஒட்டிய புருவம்... திருட்டு முழி என்று சொல்லவே முடியாத இரண்டு கண்கள்.

“இதைத் தொடக் கூடாதுங்க.”

“செஞ்சதே நான்தாங்க.”

“செஞ்சவரும் தொடக் கூடாது.”

அருங்காட்சியகத்தின் அந்தக் கூடத்தில் நூற்று நாற்பத்து மூன்று இருக்கைகள். அங்கிருந்த சிம்மாசனத்தில் ராஜா ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்தாராம். எழுவதற்குள் நாடு போய்விட்டது. அதனால் மெத்தை இன்னும் புதுசு. இத்தனைக்கும் நடுவில், அவனை வெளியே அழைத்த காவல்காரி மட்டும் எட்டு மணி நேரமும் நிற்பாள். வருகிறவர்கள் அவளிடம் கழிப்பறைக்கு வழி கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் அதைக் கேட்கவும் ஆளில்லை.

தச்சனின் கவலை வேறு. புதுக்கால நாற்காலிகளின் வரிசைக்கு அவன் செய்து தந்ததில் ஒரு கால் நூலிழை குட்டை. பக்கத்தில் யாராவது தும்மினாலே ஆடியது. ஆனால் சேகரிப்பில் ஏறிய பொருளில், இயக்குநர் எழுத்தில் அனுமதி தராமல் உளி படக் கூடாது. மனு கொடுத்தான். செவ்வாய்தோறும் வந்தான்.

“லெட்டர் வந்துச்சா, காவல் தெய்வமே?”

“வரலைங்க, குட்டைக்கால் தச்சரே.”

“நாள் முழுக்க நிக்கிறீங்களே... கால் வலிக்கலையா?”

யாருமே கேட்டிராத கேள்வி. அவள் சிம்மாசனத்தை முறைத்தாள்.

ஆறாம் வாரம் கடிதம் வந்தே விட்டது. அவனிடம் சேர்க்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தார்கள். சேர்த்தால் அரை மணியில் கால் சரியாகிவிடும். அப்புறம் அவன் எதற்கு வருவான்...? கடிதம் அவள் சட்டைப் பைக்குள் போனது. மூன்று செவ்வாய்க்கிழமைகள், “வரலைங்க.”

நான்காம் செவ்வாயன்று ஒரு பார்வையாளர் அந்த நாற்காலியைக் காட்டி, “கண்ணை மூடிக்கிட்டு செஞ்சிருப்பான் போல!” என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற தச்சன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குத் தாங்கவில்லை. சிரித்தவர் போனதும் கடிதத்தை நீட்டினாள்.

“வந்து மூணு வாரமாச்சு. நான்தான்... குடுக்கல.”

“ஏங்க?”

“குடுத்துட்டா நீங்க வரமாட்டீங்க.”

அவன் உறையைப் பிரிக்கவே இல்லை. “லெட்டர் போட்ட அன்னிக்கே இயக்குநர் போன்ல சொல்லிட்டாருங்க.”

“தெரிஞ்சேவா வாராவாரம் கேட்டீங்க? ஊரே சிரிக்குது!”

“சிரிச்சிட்டுப் போகட்டும். இங்க வர்றதுக்கு எனக்கும் வேற சாக்கு இல்லையே... உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல ரெண்டு மாசமா தைரியமும் இல்ல.”

அவள் காது மடல் சிவந்தது.

“நீங்களாவது சொல்லிட்டீங்க... எனக்கு லெட்டரை ஒளிக்கத்தான் தெரிஞ்சது.”