கணுக்கால் மணி

குழந்தை காலை உதைத்தது, மணி அடிக்கவில்லை.

கடுகுக்கீரையை உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கிக்கொண்டிருந்த யின்தி கையை நிறுத்திப் பார்த்தாள். கட்டிலில் மல்லாந்து கிடந்த அமாவ் இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஆட்டிச் சிரித்தான். கணுக்காலில், சிவப்புக் கயிற்றில் கோத்த வெள்ளி மணி துள்ளித் துள்ளி விழுந்தது. வாய்க்கால் கரையில் வீடு இருக்கிறவர்கள் பிள்ளை தவழத் தொடங்கியதுமே மணி கட்டிவிடுவார்கள். கண் தவறினாலும் காது தவறாது என்ற தைரியம். அழுக்கு அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே குண்டு உருள்வது விரலுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. வெள்ளியில் கலப்படம் செய்துவிட்டான் பாவி என்று தட்டானைத் திட்டிக்கொண்டே மறுபடியும் கட்டிவிட்டாள்.

இந்த வருடம் சில்வண்டுகளும் சீக்கிரமே ஓய்ந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் சில சமயம், அமாவ் அசையாமல் தூங்கும்போது, மணி அடித்தது.

கணவன் கென்ஃபா செங்கல் படகோடு போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். மாமியார் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தாள். யின்திக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே கிழவி வந்து பிள்ளைக்குக் கை நீட்டினாள். "குணமாகற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும், குடு." யின்தி கொடுக்கவில்லை. வாயில் துணி கட்டிக்கொண்டு தானே வளர்த்தாள். அந்த ஈரச்சுவர் வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவன். இன்னொரு குறை சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருமலைவிடக் கனமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஷென் அக்கா ஒருநாள் படித்துறையில் வழிமறித்தாள். அவளுக்குப் படகோட்டியின் தொண்டை. எதிரே நின்று கத்தினால் பாதியாவது காதில் விழும், மீதியை உதட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏண்டி யின்தி, நேத்து ராத்திரி பூரா பிள்ளை தொண்டை கிழியக் கத்துறான், நீ பொணமாட்டம் தூங்குனியா? கூடவே அந்த மணி வேற, கிணிகிணின்னு! எங்க வீட்டுல ஒரு ஆள் கண்ண மூட முடியல."

யின்தி சிரித்து மழுப்பினாள். பிள்ளை இப்போதெல்லாம் சமர்த்தாகிவிட்டான், அழுவதே இல்லை என்று எத்தனை நாளாகப் பூரித்துப்போயிருந்தாள்.

ஊசி போட வந்த ஊர் வைத்தியர் லூ மருந்துக் குப்பியைக் குலுக்கியபடி கேட்டார்.

"அண்ணி, காதுல இரைச்சல் ஏதாவது இருக்கா? இந்த மருந்து சில பேருக்குக் காதைத் தின்னுடும். உள்ளுக்குள்ள மயிரிழை மாதிரி பொடிப்பொடியா உயிரணுக்கள் இருக்கு. செத்துதுன்னா திரும்ப முளைக்காது. உங்க அம்மா வழியில யாராவது ஊசி போட்டதுக்கப்புறம் செவிடானாங்களா?"

தாய்மாமா செவிடானார். கூடப்பிறந்த அக்காவும் ஆனாள். காய்ச்சல்தான் காதைக் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். யின்தி லூவின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் ஊசி நிற்கும். சேதி அக்கரைக்குப் போகும். அமாவும் போவான்.

"யாருமில்ல. எனக்கு நல்லாத்தான் கேக்குது."

ஊசி ஏறியது.

அவர் போனதும் வலைக்கயிற்றை எடுத்து ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள். அவன் அசைந்தால் இனி கைக்குத் தெரியும். முதலில் அடுப்புவரை எட்டுகிற நீளம்தான் விட்டாள். அவன் கயிற்றை இழுத்துப் பார்த்து, முகம் சிவந்து, வாயை அகலத் திறந்தான். சத்தமே வராத அந்த வாயைப் பார்க்க அவளால் முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து இன்னும் சில முழம் விட்டாள்.

மருந்து தின்றது காதை மட்டுமல்ல. விளக்கை அணைத்தால் தரையும் நழுவியது. கண்ணால் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் காலில் நிற்க முடிந்தது. அதனால் பொழுது சாயும் முன்பே விளக்கேற்றிவிடுவாள்.

அன்று மழை மூட்டம். வாய்க்கால் படிகளுக்குத் திறக்கும் பின்கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றி, காய்ச்சலோடு அவனை அணைத்துப் படுத்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

மணிக்கட்டில் ஓர் இழுப்பு அவளை எழுப்பியது. எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்திருந்தது. கும்மிருட்டு. அருகே படுக்கை காலி, ஆனால் கயிறு மெதுவாக இழுத்தது. விழித்துக்கொண்டு விளையாடுகிறான் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"இருடா கண்ணு, அம்மா வந்துட்டேன்."

சொன்னது தன் காதுக்கே எட்டவில்லை. எழுந்தாள். தரை சாய்ந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இஞ்சி வாசம். அவித்த மீன் வாசம்.

அவள் மீன் சமைக்கவில்லை.

இருட்டில் விரல் ஒரு கிண்ணத்தைத் தொட்டது. விளிம்பு உடைந்த கிண்ணம், ஷென் அக்கா வீட்டுடையது. ஆறிப்போயிருந்தது. வந்திருக்கிறாள். இங்கே நின்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் வராமல், கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

எப்போதும் பின்கதவு வழியாகத்தான் வருவாள்.

முகத்தில் ஈரக்காற்று அடித்தது.

கயிறு இழுத்தது.

மண்டியிட்டாள். கயிற்றைப் பிடித்துத் தவழ்ந்தாள். அடுப்பு. தண்ணீர்ப் பானை. வாசற்படி. அவன் போன வாரம்தான் ஏறக் கற்றுக்கொண்ட வாசற்படி. அதன்மேல் கயிறு விறைப்பாகக் கிடந்தது. அப்பால் கல். பாசி. வழுக்கல். ஒரு படி. இன்னொரு படி.

கயிறு நனைந்திருந்தது.

இழுப்பு நிற்கவில்லை. அவசரமில்லாமல், ஒரே அளவாக, துறையில் கட்டிய படகு கயிற்றை இழுப்பதுபோல.

அவள் பதிலுக்கு இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை.

அக்கரையில் ஒரு விளக்கு. அதைத் தூக்கிப் பிடித்தபடி மாமியார். கிழவியின் வாய் அகலத் திறந்திருந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

யின்தியின் காதில் மணி மட்டும் அடித்தது. கிணிகிணியென்று, நிற்காமல்.