ஃப்ரீசர் பெட்டிக்குள் ஒரு வேர்வை!

"அய்யோ... அப்பாவுக்கு வேர்க்குது!"

லிஜியின் அலறலில், கருங்கல் ஊர்ப் பக்கத்து அந்தச் சாவு வீடே எழுந்து நின்றது.

முந்தின நாளே இறந்துபோன கபிரியேல் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள்!

பெட்டியில் சத்தமே இல்லை.

கபிரியேலின் தம்பி ஜான்ரோஸ் மீசையைத் தடவினார். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சர்வீஸில் அவர் துப்புத் துலக்கிய ஒரே வழக்கு, காணாமல் போன அவருடைய சொந்தத் தொப்பி.

"இது சதி! நான் மைக்கில இரங்கல் பேசும்போ இரைச்சல் வேண்டாம்னு ஆஃப் பண்ணினேன். பேசிக் கழிஞ்சு ஆன் பண்ணினா... அனக்கமே இல்ல!"

சுவிட்சைத் தட்டினார். ஆஃப்... ஆன்... ம்ஹூம்!

"சித்தப்பா, டெல்வின் அண்ணன் மஸ்கட்லேர்ந்து சாயங்காலந்தான் வாறான். பெட்டி ஓடலைன்னா மதியமே அடக்கம்னு சொல்லுதாவ. அவன் அப்பா முகத்தப் பாக்காண்டாமா?"

"அழாத மக்கா! கொலைகாரனப் பிடிச்சிருவேன்."

"யாரக் கொன்னவன?"

"கம்ப்ரசர!"

ஆஃப்... ஆன்.

பெட்டியை வாடகைக்கு விட்ட சுடலையாண்டி ஓடி வந்தார்.

"என் பெட்டியில கெடந்தவங்க இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்ல, ஏமானே!"

"காலையிலேருந்து இந்தப் பெட்டியவே பாத்துட்டு நின்னியே... ஏன்லே?"

"என் பெட்டி, ஏமானே!"

"ஒத்துக்கிட்டான்!"

ஆஃப்... ஆன்.

"ஏமானே, அந்த சுவிட்ச..."

"சாட்சியக் கலைக்கப் பாக்குதியா?"

ஜான்ரோஸ் பாய்ந்து, இரண்டு கைகளாலும் அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே தம் சர்வீஸ் வீரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தொப்பி வழக்கு தீர்ப்பை நெருங்கியபோது...

டக்!

ம்ம்ம்ம்ம்...

பெட்டி ஓடியது!

"பாத்தியளா! குற்றவாளியப் பிடிச்சதும் கம்ப்ரசருக்கு உயிர் வந்துட்டு!"

லிஜி பெட்டியடியில் இருந்த ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு பச்சையாகியிருந்தது.

"சித்தப்பா... உங்க கை ரெண்டும் சுவிட்ச விட்டு இருந்ததே இப்பதான்!"

"அதத்தான் சொல்ல வந்தேன்!" சுடலையாண்டி சட்டையை மீட்டுக்கொண்டார். "நின்ன கம்ப்ரசர், உள்ள பிரஷர் தணியுமுன்ன ஓடுனா மோட்டார் காயில் கருகிப் போவும். அதுக்காவ ஸ்டெபிலைசர் கொஞ்ச நேரம் கரண்ட விடாமப் பிடிச்சு வைக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, மறுபடி முதல்லேருந்து காத்து நிக்கும். ஏமான் எங்க காக்க விட்டாரு?"

கூட்டம் திரும்பி ஜான்ரோஸைப் பார்த்தது.

கம்ப்ரசரின் கழுத்தை நெரித்தவர்... துப்பறிந்தவரேதான்!

ஜான்ரோஸ் தொண்டையைக் கனைத்தார்.

"ஆக, கேஸ முடிச்சாச்சு. இதப் பத்தி ஊருக்கு ரெண்டு வார்த்தை பேசணும். அந்த இரைச்சல மட்டும் கொஞ்சம்..."

கை சுவிட்சை நோக்கி நீண்டது!

"பிடிங்க அவர!" லிஜி கத்தினாள்.

சாயங்காலம் டெல்வின் வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு துண்டால் கட்டப்பட்டிருந்த உருவம் தெரிந்தது.

"ஏட்டி... சித்தப்பாவ என்னத்துக்குக் கெட்டிப் போட்டுருக்கு?"

லிஜி மூக்கை உறிஞ்சினாள்.

"கம்ப்ரசர் பாதுகாப்புக்கு!"