பாலத்துக்குக் கீழே

நோயாளியின் இரண்டு இமைகளையும் யாரோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

“கண்ணு காஞ்சு போயிடக் கூடாதுல்ல மேடம், அதான்,” என்றார் அண்ணன்காரர். கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் தலையாட்டினாள். அந்த வீட்டுக்கு அவள் வந்தது இதுதான் முதல்முறை. படுக்கையில் கிடந்த தம்பி மாடிப்படியில் உருண்டு விழுந்து, பின்கழுத்தில் அடிபட்டு, நினைவே திரும்பாதவன் என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவன். கைகால் மூட்டுகள் இறுகிவிடாமல் அசைத்துவிடுவதுதான் அவள் வேலை.

அண்ணன்காரர் பிளம்பர். சுவரோரம் பைப் துண்டுகளும் கனத்த இரும்பு ரெஞ்சுகளும் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ரப்பர் வாஷரின் வாடையும், பவுடர் வாசனையும், மூக்குக் குழாயில் புளித்துப்போன பாலின் நெடியும் ஒன்றோடொன்று கலந்து, சாத்திய ஜன்னலைத் தாண்ட வழியில்லாமல் அறைக்குள்ளேயே கிடந்தன.

“எங்க தொழில் மாதிரிதான் மேடம் இதுவும். மெயின் லைன் அடைச்சுக்கிச்சுன்னா, மேல டேங்க் நிறைய தண்ணி இருந்து என்ன பிரயோஜனம்?” சிரித்தார். “முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா இவன் ஒம்பது சொல்லுவான். இப்ப பாருங்க, கைக்குழந்தை மாதிரி. வீடே எவ்வளவு அமைதியா இருக்கு!”

தம்பியின் தலையை வருடிக்கொடுத்தார். பிறகு டீ போடப் போனார்.

அவள் நோயாளியின் முழங்காலை மடக்கினாள், நீட்டினாள். கால் வாழைத்தண்டு போல் குளிர்ந்திருந்தது. தோளைத் தூக்கும்போதுதான் கவனித்தாள். தலையணையில், காதுக்குப் பக்கத்தில், ஈரம். டேப்பின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நகத்தால் டேப்பை மெதுவாக உரித்தாள்.

கண்கள் திறந்தன. நேராக அவளைப் பார்த்தன. மேலே போயின, கீழே வந்தன, மறுபடி மேலே. பக்கவாட்டில் மட்டும் அசையவே இல்லை.

கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. மூளைத்தண்டு கட்டைவிரல் நீளம்தான். மேலே நடுமூளை, கீழே முகுளம், நடுவில் பாலம் என்று ஒரு பகுதி. கைகாலுக்கும் நாக்குக்கும் முகத்துக்கும் போகிற கட்டளை நரம்புகள் எல்லாம் அந்தப் பாலத்தின் முன்பக்கமாகத்தான் இறங்குகின்றன. அங்கே ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் உடம்பு முழுக்கச் செத்துவிடும். ஆனால் கண்ணையும் இமையையும் மேலும் கீழும் அசைக்கும் இடம் அதற்கு மேலே, நடுமூளையில் இருக்கிறது. அது தப்பிவிடும். நினைவும் தப்பிவிடும். காதும்.

இவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

அவள் குனிந்தாள். “நான் பேசுறது கேக்குதா? கேட்டா மேல பாருங்க. இல்லேன்னா கீழ பாருங்க.”

மேலே.

சமையலறையில் அடுப்பு சீறும் சத்தம். டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம்.

“மாடிப்படியில விழுந்தீங்களா?”

கீழே.

“யாராவது அடிச்சாங்களா?”

மேலே.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணனா?”

மேலே. அதே வேகத்தில் கண்ணோரமாகக் கண்ணீர் பொங்கியது.

“பயப்படாதீங்க. நான் போலீசைக் கூப்பிடுறேன். கூப்பிடட்டுமா?”

மேலே.

இந்த முறை கண்கள் கீழே இறங்கவில்லை. அங்கேயே நின்றன. விழி பிதுங்கி, வெள்ளை தெரிய, அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி.

கரண்டிச் சத்தம் எப்போது நின்றது?

அது பதில் இல்லை. அவன் பார்க்கிறான். அவளுக்குப் பின்னால். நிற்பவரை.

அவள் திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. காற்றில் ஒரு வீச்சு. பின்கழுத்தில் இரும்பு. பல்லும் நாக்கும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ள, வாயில் ரத்தம். தரை.

விழித்தபோது கன்னம் தலையணையில் இருந்தது. எழுந்திரு என்று கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. காலும் கேட்கவில்லை. கத்தினாள். தொண்டையில் ஒன்றும் நடக்கவில்லை. முகுளம் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. மூச்சு வந்தது, போனது.

கழுத்தில் கிழிந்த நாளம். அதிலிருந்து ஒரு துளி உறைந்த ரத்தம். அது பாலம் வரை போயிருக்கிறது. எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன?

அதே கட்டிலில், ஒரு முழத் தூரத்தில், தம்பியின் முகம். இருவரையும் எதிரெதிராகப் படுக்க வைத்திருந்தார்.

“சொல்லிட்டியாடா?” அண்ணன்காரரின் குரல் கொஞ்சுவது போலிருந்தது. “வாய் போயும் கண்ணாலயே வம்பு பேசுறியா?”

பைப் ரெஞ்சு மேலே போனது. தம்பியின் முழங்காலில் இறங்கியது. ஈரப்பலகை பிளக்கிற சத்தம். மறுபடியும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. போர்வை சிவந்தது. கட்டில் குலுங்கியது. வெதுவெதுப்பாக ஏதோ அவள் உதட்டில் தெறித்தது.

தம்பியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உதடு பிரியவில்லை. தூங்கும் குழந்தையின் முகம். அதில் கண்கள் மட்டும். மேலே. கீழே. மேலே. கீழே. அலறல் முழுக்க அந்த ஓட்டத்தில்.

பார்க்க முடியவில்லை. இமையை மூட நினைத்தாள்.

மூடியது.

அடி நின்றது. காலடி. கட்டிலைச் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம்.

“தூங்காதீங்க மேடம்.”

ஒரு கட்டைவிரல், பிசுபிசுப்பாக, அவள் இமைமேல் பதிந்தது. மெதுவாக மேலே தள்ளியது. மற்றொரு கையில் ரெஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொரு கால் பாக்கி இருக்கு. பாருங்க.”

விரலின் சிவப்பு விளிம்புக்குக் கீழே, அசையாத அந்த முகத்தில், இரண்டு கண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.